வண்டி மிக அருகில் வரும்வரை பறவைகள் ஏன் சாலையை விட்டு எழுவதில்லை?

நெடுவழியன்:

வேலையின் பொருட்டு நாள்தோறும் விடியற்காலையில் நாற்பது கிலோமீட்டர் கார் ஓட்டிச் செல்பவன் நான். சென்ற வாரம், இருபுறமும் புதர் மண்டிய ஒரு பகுதியில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருந்தபோது, இடப்பக்கத்திலிருந்து ஒரு செம்போத்து கிளம்பி, முழங்கால் உயரத்தில், அவசரம் என்பதே அறியாததுபோல் சாலையின் குறுக்கே பறந்தது. பிரேக்கை மிதித்தும் பயனில்லை. மெத்தென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி நடந்துபோய்ப் பார்த்தால், அது சாலையோரத்தில் உயிரோடு கிடந்தது. சிவந்த கண் திறந்தே இருந்தது, ஆனால் எழ முயலவில்லை. கையில் எடுத்துத் தண்ணீர் புகட்டினேன். சில நிமிடங்களில் இறந்துவிட்டது.

அன்று முதல் சாலையில் இருக்கும் பறவைகளைச் சற்றுக் கூர்ந்து பார்த்து வருகிறேன். காகங்கள் வண்டிக்கு நாலடி விலகி நின்றுகொண்டு, அது கடந்ததும் விட்ட இடத்துக்கே திரும்பி வருகின்றன. புறாக்களோ கடைசி நொடிவரை எதையோ கொத்திக்கொண்டிருந்துவிட்டு, எழும்போது பல சமயம் வண்டிக்கு முன்னாலேயே எழுகின்றன. ஏன் இவ்வளவு தாமதம்? வேகத்தை அவற்றால் கணிக்க முடியவில்லையா? ஹாரன் அடித்தால் பயன் உண்டா? அடிபட்ட பறவைக்கு நான் வேறு ஏதாவது செய்திருக்க வேண்டுமா? அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

புள்நோக்கி:

உங்கள் சந்தேகம் சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறது. பெரும்பாலான பறவைகள் ஆபத்தைத் தொலைவால் அளக்கின்றனவே தவிர, அது வந்து சேர எத்தனை நொடி ஆகும் என்று அளப்பதில்லை. பூனையோ நரியோ பதுங்கி வரும்போது இந்தக் கணக்கு பிசகுவதில்லை. ஏனென்றால் அவை நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் தரையோடு தரையாக வந்து பாய்வதில்லை. காருக்கு முன்னால்தான் அந்தக் கணக்கு பிழையாகிப் போகிறது.

ஒரு பறவை, பொருள் 30 மீட்டருக்குள் வந்ததும் எழுவது என்ற பழக்கம் உடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி அந்த 30 மீட்டரைக் கடக்க 1.8 நொடி எடுத்துக்கொள்ளும்; 90-இல் 1.2 நொடி; 120-இல் 0.9 நொடி. தலை நிமிர்ந்து, காலை ஊன்றி, இறக்கையை விரித்து, வண்டியின் அகலத்துக்கு அப்பால் போய்ச் சேர்வது வரை எல்லாமே அதற்குள் முடிந்தாக வேண்டும்.

இதை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கால்நடைகளோடு திரியும் பழுப்புத்தலைக் கௌபேர்டு என்னும் பறவைகளின் முன், ஒரு வண்டி நேராக விரைந்து வருவதுபோன்ற காணொளியை மணிக்கு 60 முதல் 360 கிலோமீட்டர் வரையிலான வேகங்களில் ஓட்டிக் காட்டினார்கள். 2015-இல் வெளிவந்த அதன் முடிவுப்படி, அவை வேகத்தைப் பொருட்படுத்தாமல் தொலைவை வைத்தே எழுந்தன. ஆகவே வேகம் கூடக் கூடத் தப்புவதற்கான நேரம் சுருங்கியது, மணிக்கு 120-ஐத் தாண்டிய வேகங்களில் அது போதாமலே போனது. அதற்கு முந்தைய ஆண்டு, பிணம் தின்னும் கழுகுகளை நோக்கி உண்மையான வண்டியையே 30, 60, 90 கிலோமீட்டர் வேகங்களில் ஓட்டிப் பார்த்தார்கள். 30-இலிருந்து 60-க்கு ஏறியபோது கழுகுகள் இன்னும் தொலைவிலேயே எழுந்துகொண்டன. 90-க்கு ஏறியபோது அப்படிக் கூடுதல் எச்சரிக்கை எதையும் காட்டவில்லை.

கண்ணும் இதற்கு ஒரு காரணம். நேர் எதிரே வரும் வண்டி பக்கவாட்டில் நகர்வதில்லை. உருவம் பெரிதாவது ஒன்றுதான் அது நெருங்குவதற்கான அறிகுறி. 1.8 மீட்டர் அகலமுள்ள கார் 100 மீட்டர் தொலைவில் ஏறக்குறைய ஒரு பாகை அகலமாகத் தெரியும், 50 மீட்டரில் இரண்டு பாகை. அதாவது ஐம்பது மீட்டர் நெருங்கியும் கூடியது ஒரே ஒரு பாகைதான். 25 மீட்டரில் நான்கு, 12 மீட்டரில் எட்டுக்கும் மேல் என்று கடைசியில்தான் அது திடீரென்று ஊதிப் பெருக்கிறது. புறா அசட்டையாக இருக்கிறது என்று நமக்குத் தோன்றும் நேரத்தில், அதன் கண்ணுக்கு இன்னும் பெரிதாக எதுவும் நிகழவே இல்லை.

உங்கள் செம்போத்தின் கதை இதிலிருந்து சற்று வேறுபட்டது. புதருக்குள் தாவித் திரிவதற்கு ஏற்ற குட்டையான, வட்டமான இறக்கையும் நீண்ட வாலும் கொண்ட பறவை அது. ஒரு புதரிலிருந்து அடுத்த புதருக்குத் தாழ்வாக, மெதுவாகத்தான் பறக்கும். நடுவழியில் வேகத்தைக் கூட்டவோ சட்டென்று மேலே எழவோ அதன் உடலமைப்பு இடம் தராது. சாலை என்பது அதற்கு இரண்டு புதர்களுக்கு நடுவே இருக்கும் ஒரு வெட்டவெளி, அவ்வளவே.

இருபதாண்டுச் சக்கரம்:

நான் கனரக வண்டி ஓட்டுபவன். படிப்பறிவு குறைவு, பார்த்ததைச் சொல்கிறேன்.

ஹாரனைப் பொறுத்தவரை, தொலைவிலிருந்தே விட்டு விட்டு இருமுறை அடித்தால் சில பறவைகள் தலை தூக்கும். அந்த அளவுக்குப் பயன் உண்டு. பக்கத்தில் போய் அடிப்பது கெடுதல். பதறி எழும் பறவை எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் வண்டி முன்னாலேயே வந்து விழும். சாலையின் ஒரு பக்கம் மதிலோ உயரமான புதரோ இருந்தால், பறவை திறந்த பக்கத்தைத்தான் தேடும். அந்தத் திறந்த பக்கம் பல நேரம் நாம் வந்துகொண்டிருக்கும் பாதையாக இருக்கும். காற்றையும் பார்க்க வேண்டும். பறவை காற்றை எதிர்த்தே எழும் என்பதால், காற்று நம் பின்னாலிருந்து வீசினால் அது நம்மை நோக்கித்தான் கிளம்பும்.

புறாக்கள் ஏன் அங்கேயே இருக்கின்றன என்று கேட்டீர்கள். தானியம் ஏற்றிய வண்டிகள் போன பிறகு சாலையோரத்தைப் பாருங்கள், விடை கிடைக்கும். தார்ப்பாய் ஒழுங்காகக் கட்டாத ஒரு வண்டி, மேடு பள்ளத்தில் குலுங்கும் இடத்திலெல்லாம் ஒரு பிடி இரைத்துக்கொண்டே போகும். வேகத்தடைக்கு அப்புறம் எப்போதும் கூட்டம் இருப்பதற்கு அதுவே காரணம். தானியம் இல்லாத இடத்தில் சிறு கல் பொறுக்கும். அரைவைப் பையில் கல் இல்லாவிட்டால் அவற்றுக்குச் சரியாகச் செரிக்காது.

இன்னொன்று இரவுக்கு உரியது. பக்கி என்னும் இரவுப் பறவைகள் சாலையிலேயே உட்கார்ந்திருக்கும். வெளிச்சம் பட்டதும் கண் தணல்போல் சிவந்து தெரியும். அதைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, உயர் ஒளியைத் தாழ்த்திவிட்டால் பெரும்பாலும் எழுந்துவிடும். உயர் ஒளியிலேயே போனால் கூசிப்போய் அசையாமல் இருந்துவிடும்.

பறவைக்காக வண்டியை வெட்டித் திருப்பாதீர்கள். இதை நான் கடுமையாகச் சொல்வதற்கு மன்னிக்கவும். இருசக்கர வண்டி ஓட்டுபவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். பின்னால் வருபவரைக் கண்ணாடியில் பார்த்து, நேர்கோட்டிலேயே வேகத்தைத் தணிப்பது ஒன்றுதான் செய்யத்தக்கது.

எதிர்க்கருத்தன்:

இந்த இழையில் எல்லோரும் பறவைகளைச் சற்றுக் குறைத்து மதிப்பிடுவதாக எனக்குத் தோன்றுகிறது. அவை கற்றுக்கொள்கின்றன என்பதற்கும் சான்று இருக்கிறது.

பிரான்சில் இரண்டு ஆய்வாளர்கள் சாலைகளில் காரோட்டிச் சென்று, பறவைகள் எவ்வளவு தொலைவில் எழுகின்றன என்று அளந்தார்கள். வேக வரம்பு அதிகமுள்ள சாலைகளில் பறவைகள் தொலைவிலேயே எழுந்துவிட்டன. அந்த நேரத்தில் இவர்களுடைய கார் மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் அதில் மாற்றமில்லை. அதாவது, அவை குறிப்பிட்ட வண்டியைக் கணக்கிடவில்லை. இந்தச் சாலையில் வண்டிகள் பொதுவாக எப்படி வரும் என்பதைத் தெரிந்து வைத்திருக்கின்றன. 2013-இல் வெளிவந்த ஆய்வு அது.

அதே ஆண்டில் வெளியான இன்னொன்று இதைவிட வியப்பானது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பாறைத் தகைவிலான் என்னும் சிறு பறவைகள் பாலங்களுக்கு அடியிலும் மதகுகளுக்குள்ளும் மண்கூடு கட்டி வாழ்கின்றன. சார்லஸ் பிரவுன், மேரி பிரவுன் இணையர் முப்பது ஆண்டுகள் அதே சாலைகளில் இறந்து கிடந்த தகைவிலான்களைச் சேகரித்தார்கள். பறவைகளின் எண்ணிக்கை பெருகியபோதும் சாலையில் இறப்பவை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தன. இறந்தவற்றின் இறக்கை, உயிரோடு இருப்பவற்றின் இறக்கையைவிட நீளமாக இருந்தது. குட்டை இறக்கை உள்ளவை செங்குத்தாகச் சட்டென்று எழவும் திரும்பவும் வல்லவை என்பதால் தப்பிப் பிழைத்தன என்பது அவர்கள் தரும் விளக்கம்.

ஜப்பானில் காகங்கள் அக்ரூட் கொட்டைகளைச் சாலையில் போட்டு வண்டி ஏற்றி உடைத்துத் தின்பதையும் எல்லோரும் அறிவோம். எனவே காலம் போகப் போக இது தானாகவே சரியாகிவிடும் என்பது என் எண்ணம்.

புள்நோக்கி:

நண்பரே, நீங்கள் காட்டிய இரண்டு ஆய்வுகளும் உண்மையானவை. அவற்றிலிருந்து நீங்கள் வந்தடைந்த முடிவோடுதான் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் பிரெஞ்சு ஆய்வு. பறவைகள் சாலையைப் பார்த்து எழுகின்றனவே தவிர, எதிரே வரும் வண்டியைப் பார்த்து அல்ல என்பது என் முந்தைய பதிவுக்கு எதிரான செய்தியன்று, துணையான செய்தி. இந்தச் சாலையில் வழக்கமாக எவ்வளவு தொலைவு போதுமோ அந்தத் தொலைவில் அவை எழுகின்றன. வழக்கத்தைவிட வேகமாக ஒரு வண்டி வந்தால், அந்தப் பாடம் முழுவதும் வீண். ஐம்பதில் எல்லோரும் போகும் சாலையில் தொண்ணூறில் வருபவர்தான், அங்கே பழகிய பறவைகளுக்குத் தொண்ணூறில் எல்லோரும் போகும் சாலையைவிடப் பெரிய ஆபத்து.

தகைவிலான் விஷயத்தில், அவை கற்றுக்கொண்டன என்று சொல்வதைவிட, தப்ப முடியாதவை இறந்து தீர்ந்தன என்று சொல்வது நேர்மையாக இருக்கும். ஆய்வாளர்களே பழக்கம், மற்றப் பறவைகளைப் பார்த்துக் கற்றல் போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம் என்று திறந்து வைத்திருக்கிறார்கள். அப்படியே இயற்கைத் தேர்வுதான் என்று வைத்துக்கொண்டாலும், அது கூட்டம் கூட்டமாக வாழ்ந்து, ஆண்டுதோறும் குஞ்சு பொரித்துப் பெருகும் ஒரு பறவைக்குக் கட்டுப்படியாகும் விலை. கூகையை எடுத்துக்கொள்ளுங்கள். புல் வளர்ந்த சாலையோரங்களில் எலி மிகுதி. எலியைக் காதால் தேடிக்கொண்டு தரையிலிருந்து ஓரிரு மீட்டர் உயரத்தில் மெல்ல மிதப்பது அதன் வேட்டை முறை. அந்த உயரம் காரின் முன்கண்ணாடிக்கும் லாரியின் முகப்புக்கும் சரியாகப் பொருந்தும் உயரம். வேட்டை முறையையே மாற்றிக்கொள்ளாமல் அது தப்ப வழியில்லை.

காகத்தின் கொட்டைக் கதையிலும் ஒரு சிறு திருத்தம். ஜப்பானில் அந்தப் பழக்கம் கவனமாகப் பதிவு செய்யப்பட்டது உண்மைதான். ஆனால் கலிஃபோர்னியாவில் 1990-களில் ஆய்ந்தவர்கள், வண்டி வரும்போதும் வராதபோதும் காகங்கள் ஒரே மாதிரிதான் கொட்டையைச் சாலையில் போட்டன என்று கண்டார்கள். அங்கே அவை கடினமான தரையைத் தேடியிருக்கலாம், வண்டியை அல்ல. காகத்தை வைத்துப் பறவை இனம் முழுவதையும் அளப்பது, வகுப்பின் முதல் மாணவனை வைத்துத் தேர்ச்சி விழுக்காட்டைச் சொல்வது போன்றது.

அளவைப் பற்றியும் ஒரு வரி. அமெரிக்கச் சாலைகளில் மட்டும் ஆண்டுக்கு 8.9 கோடி முதல் 34 கோடி வரை பறவைகள் வண்டிகளில் மோதி இறப்பதாக 2014-இல் ஒரு மதிப்பீடு வெளிவந்தது. இரண்டு எண்களுக்கும் இடையே இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதற்குக் காரணம், இறந்த சிறு பறவையைச் சில மணி நேரத்துக்குள் வேறொரு பிராணி தூக்கிச் சென்றுவிடுவதும், பல பறவைகள் அடிபட்டபின் புதருக்குள் போய் விழுவதும்தான். எண்ணக் கிடைக்காதவற்றை ஊகித்துச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

எதிர்க்கருத்தன்:

வழக்கத்தை மீறிய வேகம் பற்றி நீங்கள் சொன்னதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த அளவில் ஏற்றுக்கொள்கிறேன். தகைவிலானைப் பற்றிய என் நம்பிக்கை மட்டும் அப்படியே இருக்கிறது.

சிறகுக்கை:

அடிபட்ட பறவைகளைப் பராமரிக்கும் தன்னார்வலர்களில் ஒருத்தி நான். நெடுவழியன் அவர்களே, செம்போத்துக்குத் தண்ணீர் புகட்டியதை எண்ணி உங்களை நீங்களே வருத்திக்கொள்ள வேண்டாம். எண்பதில் மோதிய பறவைக்கு உள்ளே இரத்தக்கசிவு இருந்திருக்கும். எதுவும் செய்யாமல் இருந்திருந்தாலும் அது பிழைத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் அடுத்த முறைக்காகச் சொல்கிறேன்: மயங்கிய பறவையின் வாயில் தண்ணீரோ உணவோ விடக்கூடாது. பறவையின் மூச்சுக்குழலின் வாய் நாக்கு முடியும் இடத்துக்குச் சற்றுப் பின்னாலேயே திறந்திருக்கிறது. விழுங்கும் நிலையில் இல்லாத பறவைக்கு ஊற்றிய நீர் நேராக அங்கேதான் போகும்.

முதலில் உங்களைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். வண்டியை ஓரங்கட்டி எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு, இருபுறமும் பார்த்த பிறகே இறங்குங்கள். ஒரு துண்டையோ சட்டையையோ பறவையின் மேல் முழுவதும் மூடும்படி மெல்லப் போட்டு, இறக்கைகளை உடலோடு சேர்த்து அணைத்து எடுங்கள். கண் மறைந்தாலே பாதிப் பதற்றம் அடங்கிவிடும். பருந்து, கூகை போன்றவற்றில் அலகைவிட நகத்துக்குத்தான் அஞ்ச வேண்டும். கொக்கு, நாரை வகைகள் கண்ணைக் குறிபார்த்துக் குத்தக்கூடியவை. முகத்தருகே கொண்டுவரவே வேண்டாம். அதன்பின், காற்றுத் துளையிட்ட ஓர் அட்டைப் பெட்டியில் துணி விரித்து உள்ளே வைத்து மூடி, இருட்டாகவும் வெதுவெதுப்பாகவும் அமைதியாகவும் இருக்கும் இடத்தில் விட்டுவிடுங்கள். வண்டியில் பாட்டை நிறுத்திவிடுங்கள். திறந்து திறந்து பார்ப்பது, குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுவது, படம் எடுப்பது எல்லாம் அதன் இதயத்துக்குச் சுமை. நம்மைப் பார்ப்பதே அதற்கு இன்னொரு மோதல்.

தலையில் அடிபட்டு அதிர்ச்சியில் மட்டும் இருந்த பறவை, ஒன்றிரண்டு மணி நேரத்தில் பெட்டிக்குள் நிமிர்ந்து நிற்கத் தொடங்கும். அப்போது சாலையிலிருந்து விலகிய திறந்த இடத்தில் பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்து, பின்னால் வந்துவிடுங்கள். பறக்கிறதா என்று சோதிப்பதற்காக மேலே வீசி எறிவதைப் பலர் செய்கிறார்கள். முறிந்த எலும்போடு இரண்டாம் முறை விழுவதற்கே அது வழி. இறக்கை ஒருபக்கம் தொங்கினாலோ, கால் ஊன்றாவிட்டாலோ, இரத்தம் கசிந்தாலோ பறவைகளுக்கு மருத்துவம் பார்க்கத் தெரிந்தவரிடம் அன்றே போய்ச் சேர வேண்டும். எல்லாம் முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வேலிக்கோடு:

சாலை வடிவமைப்புத் துறையில் இருக்கிறேன். முந்தைய பதிவுகளில் வராத இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன்.

சாலையை ஒட்டி அடர்ந்த, உயரமான மரவரிசை இருந்தால், குறுக்கே பறக்கும் பறவை அதன் தலைக்கு மேலாக எழுந்து வந்து, அந்த உயரத்திலேயே வண்டிகளுக்கு மேலாகக் கடந்துவிடும். இடுப்பளவுப் புதர் இதற்கு நேர்மாறானது. பறவையை வண்டியின் உயரத்திலேயே வெளியே அனுப்புகிறது. செம்போத்து வந்த விதம் அதுதான். நடுத்தடுப்பில் பழம் கொடுக்கும் செடிகளை நடுவதும் இத்தகைய தவறே. பார்வைக்கு அழகாக இருக்கும், பழுக்கும் பருவத்தில் சாலையின் இருபுறத்திலிருந்தும் பறவைகளை இழுக்கும்.

காரின் முன்னால் பொருத்திக்கொள்ளும் மீயொலி ஊதல்களைச் சிலர் பரிந்துரைப்பதைப் பார்க்கிறேன். மீயொலி என்பது 20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டது. பெரும்பாலான பறவைகளின் செவி 10,000 ஹெர்ட்ஸ் அளவிலேயே நின்றுவிடும். கேட்காத ஒலிக்கு எந்தப் பறவையும் விலகப் போவதில்லை.

நெடுவழியன்:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் வழியில் புதர் மண்டிய பகுதி ஆறு கிலோமீட்டர்தான். அதை 80-க்குப் பதிலாக 60-இல் கடந்தால் எனக்குக் கூடுதலாகும் நேரம் ஒன்றரை நிமிடம். எண்பதில் கண்டு, உணர்ந்து, முழுதாக நிறுத்துவதற்கு ஏறத்தாழ 57 மீட்டர் தேவைப்படுகிறது. அறுபதில் 37 போதும். இன்று காலை அப்படியே ஓட்டினேன். இரண்டு புறாக்கள் வழக்கம்போல் மிக அருகில் வந்த பிறகே எழுந்தன, ஆனால் எனக்கு இடப்பக்கமாகச் சென்று இறங்குவதைப் பார்க்க நேரம் இருந்தது. பின்னால் வந்தவர் மட்டும் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. சாலையில் ஏற்கெனவே இறந்து கிடக்கும் பறவையையோ அணிலையோ அப்புறப்படுத்த வேண்டுமா, அப்படியே விட்டுவிடலாமா?

இருபதாண்டுச் சக்கரம்:

அப்புறப்படுத்துவது நல்லது ஐயா. காலையில் ஓர் அணில் கிடந்தால் சிறிது நேரத்தில் காகம் வரும், அப்புறம் பருந்து வரும். காகம் தப்பிவிடும், இரையைக் காலில் பற்றிக்கொண்டு கனத்தோடு எழும் பருந்துதான் மாட்டும். சாலை வெறிச்சோடி இருக்கும்போது மட்டும் இறங்கி, வெறுங்கையால் தொடாமல் ஒரு குச்சியாலோ மண்வெட்டியாலோ தள்ளி, ஓரத்தில் விடாமல் பத்தடி உள்ளே போட்டுவிடுங்கள். வண்டிகள் விடாமல் போகும் சாலை என்றால் இறங்கவே வேண்டாம். என் வண்டியில் ஒரு பழைய மண்வெட்டி இதற்காகவே கிடக்கிறது.